மூணாம் நாள் சொடக்கு

முதல்ல எடுத்த ஸ்கேன்ல புருசன் தலைக்குள்ள ரத்தக்கசிவு இல்லேன்னு சொன்னப்பவே செவந்திக்குச் சந்தேகம் தட்டிருச்சு. அடி வாங்குன தலையில ரத்தம் இல்லாம எப்படி இருக்கும்? எவனோ எங்கிட்டோ எதையோ மாத்தி எழுதியிருக்கான்.

அடிச்சது யாருங்கிறதுல அவளுக்குக் கொழப்பமே இல்ல. அவ புருசன் திருப்பதியோட கூடப்பொறந்த தம்பி நாகராசுதான். விராலிமலைக்கு அங்கிட்டு நாலு மைல் தள்ளி ஊரு. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சேந்து ஒரே போர்வெல். ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. ஞாயித்துக்கெழம அண்ணன் முறை. அன்னைக்குப் பாத்து மத்தியானம் போன கரண்டு சாயங்காலம்தான் வந்துச்சு. ஆறு மணியோட முறை முடிஞ்சதுன்னு நாகராசு வந்து மடையத் திருப்பிட்டான். கடலை வயலு பாதி நனைஞ்சும் பாதி நனையாமலும் கெடக்கு. வாய்ல ஆரம்பிச்சது கைக்கு வந்துருச்சு. நாகராசு அண்ணன் காலரைப் புடிச்சு ரெண்டு உலுக்கு உலுக்கி வரப்புல தள்ளுனான். பக்கத்து வயல்ல நின்ன நாலு பேரு பாத்தாங்க. செவந்தியும் பாத்தா.

திங்கக்கெழம விடியக்காலம் பல்லு வெளக்கப் போன திருப்பதி, தண்ணித் தொட்டியப் புடிச்சபடியே சரிஞ்சு உக்காந்துட்டாரு. கொடங்கொடமா வாந்தி. தூக்கி நிறுத்துனா எடது பக்கமாச் சாயுறாரு. கொரல் அடியில போயிருச்சு. ஒரு வாய் தண்ணி குடுத்தா உள்ள போகாம மூக்கு வழியா வருது. நூத்தியெட்டைக் கூப்பிட்டு புதுக்கோட்டைக்குக் கொண்டாந்து ஆஸ்பத்திரியில சேத்தாக. அவரு உள்ள போன கையோட செவந்தி போலீஸ்காரங்க உக்காந்திருக்கிற ரூமுக்குப் போயி, கொழுந்தன் அடிச்சதுலதான் இப்படி ஆச்சுன்னு எழுதிக் குடுத்துட்டா. மத்தியானத்துக்குள்ள நாகராசைக் கூட்டிட்டுப் போயி விராலிமலை ஸ்டேஷன்ல உக்கார வச்சுட்டாங்க.

எஸ்.ஐ. போன்லயே தெளிவாச் சொல்லிட்டாரு. பெரிய ஸ்கேன் ரிப்போர்ட் வரட்டும், அடியினாலதான்னு டாக்டர் எழுதிட்டா ரிமாண்டு, இல்லேன்னா வெறும் வாய்த்தகராறுன்னு அனுப்பிருவோம்னு. ஆக, எல்லாம் அந்தப் படத்துல இருக்கு. கொழுந்தன் ஜெயிலுக்குப் போறதும் வீட்டுக்குப் போறதும் அந்தப் படத்துலதான்.

அதனாலதான் செவந்தி கண்ணக் கொட்டாமப் பாத்துக்கிட்டு இருந்தா. யாரு வாரா, யாரு போறா, எந்த ஃபைலு எந்த மேசைக்குப் போகுதுன்னு. மக காவ்யா காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா. மகன் ரகுநாத் சிங்கப்பூர்ல. ரெண்டும் ஒரே பிரசவத்துல பொறந்ததுக. அவன் மணிக்கொரு தரம் கூப்பிட்டு, சித்தப்பாவ மட்டும் விட்றாதம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தான்.

நாகராசு பொண்டாட்டி வனிதாவும் அங்கிட்டுதான் வராண்டாவுல நின்னா. வந்ததுல இருந்து செவந்திகிட்ட ஒரு வார்த்த பேசல. ஆனா ஸ்கேன் எடுக்கிற ரூம்ல வேலை பாக்குற வைஷ்ணவிங்கிற பொண்ணுகிட்ட நின்னு சிரிச்ச மொகமாப் பேசுறா. காவ்யாவ விட்டு விசாரிக்கச் சொன்னா, அந்தப் பொண்ணுக்கு அறந்தாங்கிப் பக்கமாம். வனிதாவுக்கும் பொறந்த வீடு அறந்தாங்கிப் பக்கம். செவந்திக்கு வேற சாட்சி வேணுமா?

நேரா நரம்பு டாக்டர் பிளெஸ்ஸி ரூமுக்குப் போயிட்டா. சின்ன வயசு டாக்டர். நிதானமாப் பேசுற பொம்பள. எனக்கு இந்தப் படத்துல நம்பிக்கையில்ல, பெருசா ஒண்ணு எடுங்க, தலையோட கழுத்தோட சேத்து எடுங்க, நான் வாசல்லயே நிப்பேன்னு செவந்தி சொன்னா. டாக்டர் சண்டைக்கு வரல. மேசையில கெடந்த சீட்டத் திருப்பிக் காட்டுனாங்க.

"நானே எழுதி வச்சிருக்கேன்மா. நாளைக்குக் காலையில எம்.ஆர்.ஐ. முதல் படம், ரத்தம் கசிஞ்சிருக்கா இல்லையான்னு அவசரத்துக்குப் பாக்குறது. இல்ல, அடைப்புதான்னு தெரிஞ்சுருச்சு. அந்த அடைப்பு எங்கிருந்து வந்துச்சுங்கிறதுதான் இப்ப எனக்கு வேணும்."

"எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும் டாக்டரம்மா."

"எனக்குத் தெரியணும்ல. காரணம் தெரியாம மருந்து குடுத்தா மறுபடியும் வந்துரும்."

இந்தம்மாவும் பிடி குடுக்காமப் பேசுறாங்களேன்னு செவந்தி நெனச்சா.

செவ்வாக்கெழம காலையில ஸ்ட்ரெச்சர்ல கூட்டிட்டுப் போகும்போது வைஷ்ணவி வந்து, மேலுக்கு இருக்கிற உலோகம் எல்லாத்தையும் கழட்டணும்னு சொன்னா. தாயத்து கழண்டுச்சு. அப்புறம் வெள்ளி அரைஞாண் கொடி. உசுரு போன ஒடம்புல இருந்துதான் அதை எடுப்பாக. இவ எதுக்கு இப்ப எடுக்கச் சொல்றா, என்ன நோக்கத்துல எடுக்கச் சொல்றா? வைஷ்ணவி பொறுமையா, உள்ள இருக்கிறது பெரிய காந்தம்மா, எதையும் கட்டிக்கிட்டுப் போகக் கூடாது, வெளிய வந்ததும் நீங்களே கட்டி விட்டுருங்கன்னா. செவந்தி கொடியக் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

அப்புறம் ஒரு வேலை பண்ணுனா. நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, திருப்பதி பேரு எழுதுன ஃபைல் அட்டையோட உள் பக்கம், மூலையில ஒட்டி வச்சுட்டா. ஃபைலு மாறுச்சுன்னா பொட்டு காட்டிக் குடுத்துரும். காவ்யா பாத்துட்டு, என்னம்மா இது அசிங்கமான்னு தலையில அடிச்சுக்கிட்டா. செவந்தி காதுல வாங்கல.

முக்கா மணி நேரம் டொக்கு டொக்குன்னு சத்தம். வாசல்ல நின்னுக்கிட்டே அவ ஞாயித்துக்கெழமைய மறுபடி மறுபடி ஓட்டிப் பாத்தா. காலரப் புடிச்சான். ஒரு உலுக்கு. ரெண்டு உலுக்கு. தள்ளுனான். அது போதும். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு அவ யோசிக்கவே இல்ல. யோசிக்க என்ன இருக்கு?

வெளிய கொண்டாந்தப்ப திருப்பதி முழிச்சுத்தான் இருந்தாரு. மூக்குல ட்யூப். செவந்தி அவரு காதுக்கிட்ட குனிஞ்சு, ஒங்க தம்பிதானே, ஆமான்னா கண்ண மூடுங்கன்னு கேட்டா. அவரு கண்ண மூடல. தள்ளாடுற கைய மெதுவாத் தூக்கி அவ கட்டைவெரலப் புடிச்சுக்கிட்டாரு. புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தாரு. பாவம், என்னைய விட்டுட்டுப் போயிறாதங்கிறாருன்னு செவந்தி கண்ணு கலங்கிருச்சு.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டு விட்டாங்க. செவந்தியும் காவ்யாவும் போனாக. மேசை மேல ஃபைல். செவந்தி மொதல்ல அட்டையத் தொறந்து பாத்தா. பொட்டு இருந்த எடத்துலயே இருந்துச்சு. சரி, படம் இவருதுதான்.

டாக்டர் கம்ப்யூட்டரத் திருப்பி வச்சாங்க. சாம்பல் கலர்ல மூளை. பின்பக்கம் கீழ அங்கங்க வெள்ளைப் புள்ளி.

"ரத்தம் போகாம செத்த எடம் இதெல்லாம். நெஞ்சுல இருந்து ரத்தக்கட்டி கெளம்பி வந்திருந்தா ரெண்டு பக்கமும், முன்னயும் பின்னயும் செதறிக் கெடக்கும். பிரஷர், சக்கரைன்னா உள்ளுக்குள்ள பொடிசா ஒரே புள்ளி இருக்கும். இவருக்குப் பாருங்க, எல்லாமே எடது பக்கம், பின்னால, ஒரே ஒரு குழாய் போற எடத்துல."

செவந்திக்கு இது சட்டுன்னு புரிஞ்சுச்சு. எந்தப் பாத்தி காஞ்சு கெடக்குன்னு பாத்தாலே எந்த வாய்க்கால்ல கோளாறுன்னு தெரியாதா? வயலுக்குப் போயி நின்ன ஒடனே சொல்லிரலாமே. அதையேதான் இந்தம்மா மண்டைக்குள்ள பாத்துச் சொல்லுது. ரெண்டு நாள்ல மொத தடவையா அவளுக்கு டாக்டர் மேல ஒரு நம்பிக்க வந்துச்சு.

"அப்ப அந்த வாய்க்கால்ல என்ன கோளாறு?"

டாக்டர் இன்னொரு படத்தக் காட்டுனாங்க. இது கழுத்து. கழுத்தெலும்புக்குள்ள பூந்து மேல போற ஒரு குழாய். அதோட ஓரத்துல பிறை மாதிரி வெள்ளையா ஒண்ணு. குழாயோட உள் சுவரு கிழிஞ்சு அதுக்குள்ள ரத்தம் பூந்திருக்கு, அங்க உறைஞ்ச கட்டிதான் மேல போயி அடைச்சிருக்குன்னாங்க.

"கிழிச்சது அவன்தான். சட்டையப் புடிச்சு உலுக்குனான், நான் என் கண்ணால பாத்தேன். எழுதுங்க டாக்டரம்மா."

"எப்ப உலுக்குனாரு?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலம்."

டாக்டர் படத்துல அந்தப் பிறை மேல விரல வச்சாங்க. அப்புறம், சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது, படத்த வச்சு இப்படித்தான் இருக்கும்னு கணிக்கத்தான் முடியும்னு ஆரம்பிச்சாங்க. புது ரத்தம் இந்தப் படத்துல இப்படிப் பளிச்சுன்னு தெரியாதாம். வெள்ளையாகிறதுக்கு மூணு நாளாச்சும் புடிக்குமாம். இன்னைக்குச் செவ்வாய். அப்படின்னா ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடியே கிழிஞ்சிருக்கணும்.

"அதுக்கு முன்னாடி கழுத்துல ஏதாவது ஆச்சா? வண்டியில இருந்து விழுந்தாரா? யாராவது கழுத்தத் திருப்பி விட்டாங்களா? சலூன்ல, வீட்டுல, எங்கயாவது? பின்மண்டை வலிக்குதுன்னு சொன்னாரா?"

செவந்தி மடியில கெடந்த ரெண்டு கையும் அசையாமக் கெடந்துச்சு.

அந்தக் கை ஊருக்குள்ள பேரு வாங்குன கை. ரெட்டைப் புள்ள பெத்தவ வழிச்சு விட்டாச் சுளுக்கு நிக்காதுங்கிறது அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. ரகுநாத்தும் காவ்யாவும் பொறந்த வருசத்துல இருந்து ஆளு வர ஆரம்பிச்சது. லாரி டிரைவரு, பால்காரரு, கபடி வெளையாடுற பயலுக, ஒரு தடவ வாத்தியாரு கூட கார்ல வந்து எறங்குனாரு. விடியக்காலம், பல்லுல தண்ணி படாம, மூணு நாள் வரணும். ரெண்டு நாள் நல்லெண்ணெய் தடவி வழிக்கிறது. மூணாம் நாள் தாடையில ஒரு கை, பின்மண்டையில ஒரு கை குடுத்து ஒரே திருப்பு. சொடக்குன்னு சத்தம் வந்துட்டா சுளுக்கு போயிருச்சுன்னு அர்த்தம். கூலி ஒண்ணும் வாங்க மாட்டா. வாங்குனா கை பலிக்காது.

போன வாரம் உர மூட்ட எறக்குனதுல திருப்பதிக்குக் கழுத்துப் புடிச்சுக்கிச்சு. செவ்வாய் வழிச்சா. புதன் வழிச்சா. வியாழன் திருப்புனா. எப்பவும் ஒரு சொடக்குதான் வரும். அன்னைக்கு ரெண்டு வந்துச்சு. அவரு ஆன்னு எந்திரிச்சு, என்னமோ துணி கிழிஞ்ச மாதிரி இருக்குடின்னாரு. கோவணத்தக் கிழிச்சுக்கிட்டீகளோன்னு இவ சிரிச்சா. வெள்ளி, சனி ரெண்டு நாளும் பின்மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு தைலம் தேச்சுக்கிட்டுத்தான் படுத்தாரு. சுளுக்கு எறங்கையில அப்படித்தான் இருக்கும்னு இவதான் சொன்னா.

"யாரும் திருப்பலைங்க"ன்னா செவந்தி.

காவ்யா திரும்பி அம்மா மொகத்தப் பாத்தா. ஹாஸ்டல்ல இருந்த பொண்ணு, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அம்மாவுக்குக் கொரல் எப்ப எறங்கும்னு தெரியும்.

டாக்டர் வற்புறுத்தல. எஸ்.ஐ. கேட்டிருக்காரு, கழுத்துல காயம், அதனால அடைப்புன்னு சாயங்காலம் எழுதிக் குடுக்கணும், வேற காரணம் தெரியலேன்னா அந்தச் சண்டையத்தான் அவங்க எடுத்துக்குவாங்கன்னாங்க. எந்திரிக்கும்போது ஒண்ணு சொன்னாங்க.

"இனி அந்தக் கழுத்த யாரும் வழிக்கக் கூடாது, திருப்பக் கூடாது. இன்னொரு தடவ திருப்புனா ஆள் மிஞ்ச மாட்டாரும்மா."

வெளிய வந்ததும் செவந்திக்கு மறுபடியும் சந்தேகம் கெளம்புச்சு. மூணு நாளுங்கிறது எந்தக் கணக்கு? ரத்தத்துக்கு நாள் தெரியுமா? அந்த வைஷ்ணவி ஏதாவது மெஷினத் திருப்பி வச்சிருப்பாளோ? வராண்டாவுல வனிதா நிக்கிறாளான்னு பாத்தா. நின்னா. கையில ஒரு ஃபிளாஸ்க். ரெண்டு நாளா வராத பேச்சு அப்பத்தான் வந்துச்சு. அக்கா, மாமாவுக்குக் கஞ்சித்தண்ணி ட்யூப்ல குடுக்கலாம்னு வைஷ்ணவி சொன்னுச்சு, அதான் வடிச்சு எடுத்தாந்தேன்னா. அப்ப அந்தச் சிரிச்ச பேச்செல்லாம் இதுக்குத்தானா? செவந்தி ஃபிளாஸ்க்க வாங்கி மூடியத் தொறந்து மோந்து பாத்தா. வெறும் கஞ்சி. சீரகம் தட்டிப் போட்ட வாசன. வனிதா பாத்துக்கிட்டே நின்னா.

வார்டுக்குள்ள திருப்பதி தலகாணியில இருந்து எறங்கிக் கெடந்தாரு. கழுத்து ஒரு பக்கமா மடங்கியிருந்துச்சு. சரி பண்ணி விடுவோம்னு செவந்தி பின்மண்டைக்குக் கீழ கையக் குடுத்தா.

அவ்வளவுதான். அவரு ஒடம்பு மொத்தமும் கெட்டியாயிருச்சு. தள்ளாடுற கையத் தூக்கி அவ கையத் தட்டி விட்டாரு. கழுத்த ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டாரு. கண்ணுல பயம். ஊரறிஞ்ச கைய, இருபத்திமூணு வருசம் சோறு போட்ட கைய, புருசன் பாம்பப் பாக்குற மாதிரி பாக்குறாரு.

காலையில கட்டைவெரலப் புடிச்சு ஏன் இழுத்தாருன்னு இப்பத்தான் வெளங்குச்சு. தம்பிதானேன்னு கேட்டதுக்கு அவரு பதில் சொல்லித்தான் இருந்தாரு.

செவந்தி கையப் பின்னால கட்டிக்கிட்டா. அப்புறம் காவ்யாவக் கூப்பிட்டு, அப்பாவுக்குத் தலகாணியச் சரி பண்ணு, கழுத்து அசையாமப் பண்ணுன்னு சொல்லிட்டு டாக்டர் ரூமுக்கு நடந்தா. டாக்டர் பேனாவும் கையுமா உக்காந்திருந்தாங்க.

"டாக்டரம்மா, நான்தான் திருப்புனேன். வியாழக்கெழம. ரெண்டு சொடக்கு வந்துச்சு."

திட்டுவாங்கன்னு எதிர்பாத்தா. திட்டல. நாளு, நேரம், வலி எப்ப ஆரம்பிச்சதுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. இதச் சொன்னதால இனி அங்க இங்கன்னு தேட வேணாம், மருந்து இதுதான்னு நிச்சயமாக் குடுக்கலாம், விழுங்குறது, நடக்குறது எல்லாம் மெல்ல மெல்லத் திரும்பும்னாங்க. ஊருக்குள்ள எத்தன பேருக்கு இப்படித் திருப்புனீங்கன்னும் கேட்டாங்க. எண்ண முடியுமா அது?

வராண்டாவுல வனிதாகிட்டயும் சொன்னா. ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுட்டுக் காத்துக்கிட்டு நின்னா. வனிதா ஃபிளாஸ்க்கக் கீழ வச்சு, அவுந்து கெடந்த கொண்டைய இறுக்கி முடிஞ்சா.

"ரெண்டு நாளா நாங்க பச்சத்தண்ணி குடிக்கலக்கா" அப்படின்னா. அப்புறம், "பஸ்ஸு ஏறுவோம், வாங்க"ன்னா.

ஸ்டேஷன்ல எஸ்.ஐ. புகாரத் திரும்ப வாங்குறதா எழுதச் சொன்னாரு. என்னம்மா, நேத்து அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களேன்னு கேட்டாரு. நேத்து உறுதியாத்தாங்க இருந்துச்சுன்னு செவந்தி கையெழுத்துப் போட்டா. அவ கையெழுத்து எப்பவும் கோணல்தான். அன்னைக்கு இன்னும் கோணலா விழுந்துச்சு.

நாகராசு உள்ள இருந்து வந்தான். கசங்குன கைலி. தலை ஒரு பக்கமாச் சாஞ்சே நிக்குது. மதினியப் பாத்ததும் சிரிப்பும் இல்ல, மொறைப்பும் இல்ல.

"ராத்திரி பூரா அந்தப் பெஞ்சுல மடங்கிக் கெடந்ததுல கழுத்துப் புடிச்சுக்கிச்சு மதினி. உள்ள வச்சது நீங்க, நீங்களே வழிச்சும் விட்டுருங்க. நாளைக்கு விடியக்காலம் வாரேன்."

செவந்தி ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டா. முடிச்சுல அரைஞாண் கொடி தட்டுப்பட்டுச்சு. அத இன்னும் கட்டி விடல.

"வேணாம்ப்பா. நாளைக்கு ஆஸ்பத்திரியில காட்டு."

"இன்னும் கோவம் தீரலையாக்கும்."

வனிதா செவந்தியப் பாத்தா. நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிக்கங்கங்கிற பார்வ. அன்னைக்கு மூணாவது தடவையாச் செவந்தி அதச் சொன்னா. வியாழக்கெழம, ரெண்டு சொடக்கு, துணி கிழிஞ்ச மாதிரின்னு அவரு சொன்னது, இவ சிரிச்சது. நாகராசு கேக்கக் கேக்க அவன் கை தன்னால கழுத்துக்குப் போயி அங்கயே நின்னுருச்சு. போன வருசம் அவனுக்கும் இவதான் திருப்பி விட்டிருந்தா. அப்ப ஒரு சொடக்கு.

அண்ணன் எப்படி இருக்காருன்னு மட்டும் கேட்டான். மருந்து குடுத்திருக்காங்க, பொழச்சுக்குவாருன்னு செவந்தி சொன்னா. பாக்கணும்னான். மூணு பேரும் புதுக்கோட்டை பஸ்ல ஏறுனாக. வனிதா ஜன்னலோரம், நாகராசு நடுவுல, செவந்தி இந்த ஓரம். கழுத்துத் திரும்பாததால மதினி மொகத்தப் பாக்கணும்னா அவன் ஒடம்போட திரும்ப வேண்டியிருந்துச்சு. இலுப்பூர் தாண்டுனப்புறம் திரும்புனான்.

"நேத்து என் முறை. உள்ள உக்காந்ததுல மோட்டாரு போடல."

"இன்னைக்கு எங்க முறைய எடுத்துக்க."

"எடுத்துக்கத்தான் போறேன்"னு சொல்லிட்டு, மறுபடி ஒடம்போட முன்பக்கம் திரும்பி உக்காந்தான்.